நூலகத்துக்குப் பின்பக்கம் ஒரு கதவு

ஆகஸ்ட் 4, திங்கள்

ஹெப்சிபா மிஸ் இன்று எங்களை மூன்று மூன்று பேராகப் பிரித்துவிட்டார். ஆங்கிலத் தாளின் உள்மதிப்பெண்ணுக்காகக் குழுவாகச் சேர்ந்து எழுதும் வேலை. கல்லூரியில் சீர்செய்ய வேண்டிய ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அறிக்கை எழுதி, மாதக் கடைசியில் நிர்வாகக் கமிட்டி முன்னால் போய்ப் பேச வேண்டும். நல்ல திட்டமாக இருந்தால் கமிட்டி அதை நிஜமாகவே செய்து கொடுக்குமாம். மிஸ் அதைச் சொன்னபோது கடைசி பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் குழுவில் ரிஸ்வானாவும் பாண்டீஸ்வரனும். ரிஸ்வானா பள்ளிக்கூடத்திலிருந்தே என் தோழி. பாண்டி எங்களுக்கு முன் பெஞ்ச். பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் முதலில் கை தூக்குகிற ரகம்.

"செல்ஃபி பாயிண்ட் வைப்போம். பெருசா ஒரு ஹார்ட்டு, நடுவுல காலேஜ் பேரு, சாயங்காலமானா லைட்டு எரியணும்" என்றான்.

"போடா. மொதல்ல அந்த நாய்களுக்கு ஒரு வழி பண்ணணும். வெள்ளிக்கிழம என் டிபன் டப்பாவையே தூக்கிட்டு ஓடிருச்சு" என்றாள் ரிஸ்வானா.

நான் கேன்டீன் டீயைச் சொன்னேன். அது டீயே இல்லை என்று ஆதாரத்தோடு நிரூபிக்க என்னால் முடியும்.

அப்போது மிஸ் எங்கள் பக்கம் வந்தார். "உங்க டீம் டாபிக் தேடவே வேணாமே. உங்ககிட்டயே ஒண்ணு இருக்கே" என்றார். சொல்லிவிட்டு பெஞ்சில் சாய்த்து வைத்திருந்த என் ஊன்றுகோலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, கோலைத்தான்.

"அட, ஆமால்ல!" என்றான் பாண்டி, வீட்டுக் கொல்லையில் புதையல் கிடைத்தவன் மாதிரி.

"என்ன மிஸ் இருக்கு எங்ககிட்ட?" என்றேன்.

"இல்லம்மா, ஒரு ரேம்ப்... உனக்கும் உபயோகமா இருக்கும்ல" என்று என் தோளைத் தட்டினார். தோளைத் தட்டுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு தட்டு விழும்.

இந்த டைரி யார் கையிலாவது சிக்கினால் அவர்களுக்காக ஒரே ஒரு முறை சொல்லிவிடுகிறேன், மறுபடி கேட்கக் கூடாது. என் பெயர் அங்கயற்கண்ணி. வீட்டில் கயலு. ஆறு வயதில் ஒரு வேன் மோதியதில் வலது கால் போய்விட்டது. கால் இருக்கிறது, வேலைதான் செய்யாது. அதைத் தாங்க ஒரு இரும்புக் காலிப்பர், கைக்கு ஒரு கோல். வாய் நன்றாக வேலை செய்யும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று மூன்றாவது பீரியட் மேல்மாடியில் நடக்க வேண்டியது. வழக்கம்போலக் கீழ் ஹாலுக்கு மாற்றினார்கள். கீழ் ஹால் என்பது பழைய சைக்கிள் ஷெட்டுக்குச் சுவர் எழுப்பியது. தகரக் கூரை. ஒரு மின்விசிறி சுற்றும், ஒன்று சுற்றுவதுபோல் சத்தம் மட்டும் போடும். அறுபது பேரும் வெந்து போனார்கள். எங்கள் துறையில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. என்னை மேலே ஏற்றுவதற்கு வழி செய்யத் தோன்றாது, எல்லாரையும் கீழே இறக்குவார்கள்.

பின்னாலிருந்து ஒரு குரல். "யாருக்காகன்னு தெரியும்ல? அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கப்பா."

திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்காக என்று நான் எப்போது கேட்டேன்? என் பெயரைச் சொல்லி ஊரையே வேக வைக்கிறார்கள், வெந்தவர்கள் கோபம் என் தலையில் விடிகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

அம்மா விற்கிற இட்லி மாவைப் பாக்கெட் போட்டுக் கொடுத்தேன். சுடிதாரின் பின்பக்கம் ஏன் இவ்வளவு தூசி என்று கேட்டாள். பெஞ்ச் தூசி என்றேன்.

"உங்க காலேஜ்ல பெஞ்ச தொடைக்கவே மாட்டாய்ங்களா?"

மாட்டார்கள் என்றேன். மதியச் சாப்பாடும் அப்படியே திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டாள். பசிக்கவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வேப்பமரத்தடியில் குழுக் கூட்டம். பாண்டி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு வந்திருந்தான்.

"ரேம்ப்தான். கமிட்டிக்கு மறுத்துப் பேசவே வாய் வராது. கயல முன்னாடி நிறுத்துனா போதும், ஃபுல் மார்க் நமக்குத்தான்."

"என்ன முன்னாடி நிறுத்துறதுக்கு நான் என்ன திருவிழாக் கடை பொம்மையா?"

"கோவப்படாத. உனக்கு நல்லதுதானே?"

ரிஸ்வானாவைப் பார்த்தேன். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு, "ரேம்ப்பு நல்லதுதானேடி" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எழுந்து போய்விடலாம் என்றால், நான் எழுந்து போவது எல்லாரும் பார்க்கும்படி நிதானமாக நடக்கிற காரியம். அதனால் உட்கார்ந்தே சண்டை போட்டேன்.

"மொதல்ல, மாடிக்குப் போற முன்பக்கப் படியில ரேம்ப் வராது. அவ்ளோ உயரத்துக்குச் சரிவு கட்டுனா அது கேட்டத் தாண்டி பஸ் ஸ்டாப்புல போய்தான் முடியும். வேணும்னா பின்பக்கமா பாருங்க. நம்ம கட்டடம் மலைச்சரிவுல நிக்கிது. ஹாஸ்டலுக்குப் போற ரோடு பின்னாடி மேல ஏறிப் போகுதுல்ல, லைப்ரரிக்கு நேரா வரும்போது மாடித் தரையும் ரோடும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். அங்க ஒரு கதவும் இருக்கு. நடுவுல சின்னதா ஒரு பாலம் போட்டாப் போதும். நேரா உள்ள நடந்து போயிரலாம்."

பாண்டி வாயைப் பிளந்தான். "லைப்ரரில பின்கதவு இருக்கா? நான் பாத்ததே இல்லயே."

"பழைய கொஸ்டின் பேப்பர் பீரோவ வச்சு மறச்சிருக்காங்க. பக்கத்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா ரோடு தெரியும்."

"நீ எப்பப் பாத்த?"

"ரிஸ்வானா சொன்னா" என்றேன்.

ரிஸ்வானா மண்ணைக் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நல்லவள்.

ஆகஸ்ட் 13, புதன்

மூவரும் ஹாஸ்டல் ரோட்டில் ஏறிப் போய்ப் பார்த்தோம். சரிவுகளில் நான் நன்றாகவே நடப்பேன், படிகள்தான் எனக்குப் பகை. ரோட்டோரச் சுவருக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி நீளம்தான் பள்ளம். கதவின் அடி, ரோட்டைவிட முழங்கால் உயரம்கூட அதிகமில்லை. பாண்டி மூன்று முறை டேப் வைத்து அளந்தான். அளக்க அளக்க அவனுக்கே உற்சாகம் வந்துவிட்டது. செல்ஃபி பாயிண்ட்டை அப்புறம் அவன் பேசவே இல்லை.

நூலகரிடம் ரிஸ்வானா போய்க் கேட்டாள். "பின்கதவத் தொறந்தா புக்கு பூரா நடந்து போயிரும்மா" என்றாராம். புத்தகங்கள் நடந்து போகும் என்ற கவலை அவருக்கு இருக்கிறது. யார் நடந்து வர முடியவில்லை என்ற கவலை இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

எழுத ஆரம்பித்தோம். முதல் வரியை பாண்டி எழுதினான். அதில் நான் "துரதிர்ஷ்டசாலியான எங்கள் தோழி" என்று ஆங்கிலத்தில் வந்தேன். அடித்தேன். "மன உறுதியால் உயர்ந்து நிற்கும் தோழி" என்று மாற்றினான். அதையும் அடித்தேன்.

"அப்ப உன்ன என்னன்னுதான் எழுதறது?"

"என்ன எழுதவே வேணாம். நான் எழுதறவ. எழுதப்படறவ இல்ல."

அவன் பேனாவை மேசையில் போட்டான். நானே எழுதினேன். நூலகத்துக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அது கைப்பிடி இல்லாத குறுகிய கற்படி. கல்லூரியில் சேர்ந்த எல்லாருக்கும் நூலக அட்டை கொடுத்திருக்கிறார்கள், ஆனால் எல்லாராலும் அங்கே போக முடியாது. இவ்வளவுதான் முதல் பத்தி. ரிஸ்வானா அதை வாசித்துவிட்டு, தமிழ்த் துறை சங்கரவடிவு மேடம் ஏழு மாத வயிற்றோடு ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்குவதைச் சேர்த்தாள். முட்டுவலியோடு தினமும் மேலே போய்ப் பூட்டுகிற வாட்ச்மேன் அண்ணனைச் சேர்த்தாள். புத்தகக் கட்டைத் தலையில் வைத்து ஏற்றுகிறவர்களையும். அறிக்கை இப்போது எடுப்பாக இருக்கிறது. அதில் நான் எங்குமே இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலிப்பரின் தோல்வார் அறுந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் கொடுத்துத் தைத்தேன். "இம்புட்டு சீக்கிரம் எப்புடிம்மா அந்துச்சு? போன மாசந்தானே தச்சுக் குடுத்தேன்" என்றார். ரொம்ப நடக்கிறேன் என்றேன்.

உள்ளங்கை இரண்டும் எரிகின்றன. மாவு ஆட்டியதால் என்று அம்மாவிடம் சொன்னேன். "கிரைண்டர் ஆட்டுதா, நீ ஆட்டுறியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் கிழிந்துவிடும். இருந்தாலும் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் லேபில் பாண்டி ஸ்லைடுகளைக் காட்டினான். முதல் ஸ்லைடில் ஒரு போட்டோ. கற்படி. நடுப்படியில் உட்கார்ந்தபடி நான். துப்பட்டாவின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கோலை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி உடம்பை மேல்படிக்குத் தூக்குகிறேன். கண் மூடியிருக்கிறது. காலிப்பர் போட்ட கால் மரக்கட்டை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. ஜூன் மாதம் கல்லூரி திறந்ததிலிருந்து மதிய இடைவேளையில் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அப்படித்தான் நூலகத்துக்கு ஏறுகிறேன். உட்கார்ந்து, பின்பக்கமாக, படிபடியாக. நூலகர் அந்த நேரத்தில் மேசையில் தலை வைத்துத் தூங்குவார். எனக்கு அது வசதி. பெயர் எழுதிக் கொடுத்தால் ரிஸ்வானா எந்தப் புத்தகத்தையும் எடுத்துவந்து தருவாள். ஆனால் எனக்கு என்ன புத்தகம் வேண்டும் என்பது அலமாரி முன்னால் போய் நின்றால்தானே எனக்கே தெரியும்? ஒன்றை உருவி, நாலு பக்கம் புரட்டி, பிடிக்காமல் திரும்பச் செருக வேண்டும். அந்தச் சுகத்தை எனக்காக இன்னொருத்தி அனுபவித்துக் கொண்டுவந்து தர முடியாது.

"எப்படா எடுத்த?"

"போன வாரம். தண்ணி பாட்டில விட்டுட்டேன்னு திரும்பி வந்தேன். பாத்ததும் எனக்கு என்னமோ ஆயிருச்சு கயலு. சத்தியமா." அவன் குரல் நிஜமாகவே கம்மியது. "இதப் பாத்தா கமிட்டி அன்னிக்கே கையெழுத்துப் போட்ருவாங்க."

"கூப்பிட்ருக்கலாம்ல? ஒரு வார்த்த கூப்பிடத் தோணல, போன எடுக்கத் தோணிச்சா?"

ரிஸ்வானா அழுதுகொண்டிருந்தாள். அவள் போட்டோவைப் பார்த்து அழுகிறாளா, நான் அவளிடம்கூடச் சொல்லவில்லை என்று அழுகிறாளா தெரியவில்லை. நான் அழவில்லை. போட்டோவை அழி என்றேன். மிஸ்ஸுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டதாகச் சொன்னான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மிஸ் அறைக்குப் போனேன். நாற்காலி இழுத்துப் போட்டார், உட்காரவில்லை.

"அந்த போட்டோ வேணாம் மிஸ்."

"நான் பாத்துட்டு அழுதுட்டேம்மா, தெரியுமா? கமிட்டிக்கு மனசு இரங்கணும். மனசு இரங்குனாத்தான் வேல நடக்கும். இதுல உனக்கு என்ன அவமானம்?"

"அவங்க மனசு இரங்கிக் கட்டுனா அது எனக்குப் போட்ட பிச்ச மிஸ். தெனமும் அது மேல நடக்கும்போது நன்றி சொல்லிக்கிட்டே நடக்கணும். அறிக்கையில காரணம் எழுதியிருக்கோம். காரணத்தப் பாத்துக் கட்டட்டும்."

"காரணத்தப் பாத்து இந்தக் காலேஜ்ல எது நடந்திருக்கு?" என்றார் மிஸ். அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. பத்து வருட அனுபவம் அப்படிப் பேசியது. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அந்தப் போட்டோவைக் காட்டினால் பாலம் வரும், காட்டாவிட்டால் வராமலே போகலாம். பாலம் எனக்கு வேண்டும். ரொம்பவே வேண்டும்.

ஆனாலும் வேண்டாம் என்றேன். போட்டோ திரையில் வந்தால் நான் எழுந்து, அது என் அனுமதி இல்லாமல் எடுத்தது என்று கமிட்டி முன்னாலேயே சொல்வேன் என்றேன். மிஸ் எனக்காக இழுத்துப் போட்ட நாற்காலியைத் திரும்பத் தள்ளி வைத்தார். "உன் இஷ்டம்" என்றார். தோளைத் தட்டவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் குழுக்கள் கமிட்டி முன் பேச வேண்டும். இடம்: கருத்தரங்கக் கூடம், மேல்மாடி. நூலகத்துக்கு அடுத்த அறை. அதே படி.

நான் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் அண்ணன் ஓடி வந்துவிட்டார். மேலே ஏற வழியில்லை என்று சொல்வதற்கு மேலே ஏறி வரச் சொல்கிறார்கள்.

கமிட்டிக்கு ஏசி வேண்டும், அதனால் இந்த ஒரு முறை கீழ் ஹாலுக்கு மாற்ற முடியாதாம். அறுபது மாணவர்கள் வேகலாம், ஐந்து பெரியவர்கள் வேகக் கூடாது. மிஸ் பதறிப்போய் ஒரு ஏற்பாடு செய்தார். என்.எஸ்.எஸ். பையன்கள் நாலு பேர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. என்னை உட்கார வைத்து அப்படியே தூக்கிக்கொண்டு போவார்கள்.

"சாமி புறப்பாடா மிஸ்? மேளம் சொல்லியாச்சா?" என்றேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பாண்டி வந்தான். போட்டோவை அழித்துவிட்டேன், மிஸ்ஸும் அழித்துவிட்டார், வேண்டுமானால் போனை வாங்கிப் பார் என்றான். வாங்கிப் பார்த்தேன். அழித்திருந்தான். முதல் ஸ்லைடில் இப்போது பின்கதவு இருக்கிறது.

"வியாழக்கெழம நீ கீழயே இரு. நானும் ரிஸ்வானாவும் பேசிக்கிறோம்" என்றான்.

"அறிக்கைய எழுதுனது யாரு?"

"நீதான்."

"அப்ப பேசப்போறது யாரு?"

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் நல்ல சுடிதாரை எடுத்தேன். அம்மா, "அது வெள்ளையாச்சே, அழுக்காயிரும்டி" என்றாள். ஆகட்டும் என்றேன்.

பத்தேமுக்காலுக்குப் படியடிக்குப் போனேன். நாலு பையன்களும் நாற்காலியோடு தயாராக நின்றார்கள். நாற்காலியை ஓரமாகப் போட்டு அவர்களையே உட்காரச் சொல்லிவிட்டு, முதல் படியில் உட்கார்ந்தேன். துப்பட்டாவை இடுப்பில் முடிந்தேன். ஏற ஆரம்பித்தேன்.

பாதிப் படியில் இருக்கும்போது கமிட்டி டீ குடித்து முடித்து வந்து சேர்ந்தது. நான் வேண்டுமென்றே நேரம் பார்த்து ஏறியதாக மிஸ் நினைக்கிறார். அவர்கள் எப்போது டீ குடித்து முடிப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? (அவர்களுக்கு டீ கொடுத்தது பாண்டி.)

அந்தப் படியில் ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் தாண்டிப் போக முடியாது. வெள்ளை வேட்டியில் கல்லூரிச் செக்ரட்டரி, பின்னால் பிரின்சிபால், அவருக்குப் பின்னால் மூன்று பேர், அவர்களுக்குப் பின்னால் மற்ற குழுக்கள், எல்லாரும் கீழே நின்றார்கள். நான் பின்பக்கமாக ஏறுவதால் என் முகம் அவர்களைப் பார்த்துத்தான் இருந்தது. இத்தனை நாளும் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். இன்று மூடவில்லை.

யாரோ போனைத் தூக்கினார்கள். "போன உள்ள வைங்கப்பா. ஒருத்தரும் எடுக்கக் கூடாது" என்று பாண்டி கத்தினான். அவன் குரலில் அவ்வளவு அதட்டல் உண்டு என்று இன்றுதான் தெரிந்தது.

"என்னம்மா இது?" என்றார் பிரின்சிபால்.

"குட் மார்னிங் சார். எங்க குழுதான் மொதல்ல. மணி பதினொண்ணாச்சு, அதனால இங்கயே ஆரம்பிச்சர்றேன்" என்றேன்.

ஆரம்பித்துவிட்டேன். ஒரு படி ஏறுவேன், மூச்சு வாங்குவேன், ஒரு பத்தி சொல்வேன். பின்பக்க ரோடு, கதவு, மறைத்திருக்கிற பீரோ, பள்ளத்தின் நீளம், சங்கரவடிவு மேடம், வாட்ச்மேன் அண்ணன், புத்தகக் கட்டு. ஆங்கிலம் நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறியது. அப்போது தமிழில் சொன்னேன். உள்ளங்கை வழுக்கியது. ஒரு இடத்தில் காலிப்பர் படி விளிம்பில் மாட்டிக்கொண்டது. கோலோடு முன்பே மேலே போயிருந்த ரிஸ்வானா இறங்கி ஓடி வரப் பார்த்தாள். திரும்பிக் கண்ணால் நிறுத்தினேன். நானே எடுத்துவிட்டேன்.

செக்ரட்டரிக்குத் தாங்கவில்லை. "ஏம்மா, ஒரு வார்த்த சொல்லிருந்தா நாலு பயலுக தூக்கிட்டு வந்துருப்பாய்ங்கள்ல?"

"தூக்கிட்டு வந்தா நான் வந்தேன்னு ஆகாதுங்கய்யா. என்னக் கொண்டுவந்தாங்கன்னுதான் ஆகும்."

மேல்படியை எட்டியபோது என் அறிக்கையும் முடிந்திருந்தது. ரிஸ்வானா கோலை எடுத்துக் கொடுத்தாள். எழுந்து நின்று, பின்பக்கம் தட்டிக்கொண்டு, "கேள்வி இருந்தா கேளுங்க சார்" என்றேன். உடம்பு முழுக்க வலி. ஆனால் எனக்குக் கீழே பாதிப் படிவரை வந்து நின்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்த அந்த ஐந்து முகங்களை நினைத்தால் இன்னும் சந்தோஷமாக இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கமிட்டியின் முடிவைப் படித்துக் காட்டினார்கள். எங்கள் அறிக்கைக்குப் பாராட்டு. பாலம் பரிசீலனையில் வைக்கப்படும். அதுவரை எனக்கு வேண்டிய புத்தகங்களை நூலகரே கீழே கொண்டுவந்து தருவார்.

வகுப்பே கைதட்டியது. நான் தட்டவில்லை. பரிசீலனை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அது அந்த கொஸ்டின் பேப்பர் பீரோவைவிடக் கனமானது, யாராலும் நகர்த்த முடியாது. வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் பாக்கெட் போட்டேன். பதினேழு பாக்கெட்டுக்கு வாய் கட்ட மறந்துவிட்டேன் என்று அம்மா வைதாள்.

செப்டம்பர் 1, திங்கள்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனி ஆளில்லாத நேரம் பார்த்து ஏற மாட்டேன்.

காலை இடைவேளை மணி அடித்ததும் படியில் உட்கார்ந்தேன். மேலேயிருந்து இறங்க வேண்டியவர்கள் மேலேயே நின்றார்கள். கீழேயிருந்து ஏற வேண்டியவர்கள் கீழேயே நின்றார்கள். நான் என் வேகத்தில் ஏறினேன். நூலகரிடம், "புக்கு கீழ வேணாம் சார், நானே வந்துட்டேன்" என்றேன். இன்று அவர் விழித்திருந்தார். தாவரவியல் பக்கம் போய் நாலு புத்தகம் உருவிப் பார்த்து, ஒன்றும் பிடிக்காமல் திரும்ப வைத்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பிரின்சிபால் கூப்பிட்டார். எல்லாருக்கும் வகுப்பு தாமதமாகிறதாம். "நீ கொஞ்சம் கூட்டம் இல்லாத நேரமா போகலாம்லம்மா?"

"எல்லாருக்கும் அடிக்கிற மணிதானே சார் எனக்கும்? எனக்குன்னு தனி மணி அடிச்சா அப்பப் போறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்கும்வரை நின்றேன்.

செப்டம்பர் 3, புதன்

ரிஸ்வானாவும் எனக்கு அடுத்த கீழ்ப்படியில் உட்கார்ந்தே ஏறினாள். நாலாவது படியில் துப்பட்டா காலில் சிக்கி விழப் பார்த்தாள். செம திட்டு கொடுத்தேன். எனக்குத் துணைக்கு யாரும் ஊர்ந்து வர வேண்டாம், வழி வேண்டும். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போய், கீழே காத்திருந்தவர்களை வரிசையில் நிறுத்தினாள்.

செப்டம்பர் 4, வியாழன்

வரிசையின் கடைசியிலிருந்து முணுமுணுப்பு. "இவளுக்காக தெனமும் நிக்கணுமா?" பாண்டி திரும்பி, "செக்ரட்டரிகிட்ட போய்க் கேளு, இவகிட்ட கேக்காத" என்றான். மாலையில் கேள்விப்பட்டேன், இருபது பேர் போய்க் கேட்டிருக்கிறார்களாம். பாலம் எப்போது கட்டுவீர்கள் என்று. என் மேல் இரக்கப்பட்டுக் கேட்கவில்லை, அவர்களுக்கு நேரமாகிறது என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 8, திங்கள்

உள்ளங்கையில் காய்ப்புக் காய்த்துவிட்டது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் பழைய ஜீன்ஸை எடுத்து, பின்பக்கம் இரட்டைத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மணி அடித்ததும் ஏறினேன். முக்கால்வாசி ஏறியிருப்பேன், கீழே கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். கையில் டேப், காதில் பென்சில், சட்டையெல்லாம் சிமெண்ட்.

"பாப்பா, செக்ரட்டரி அனுப்புனாரு. லைப்ரரி பின்கதவ உள்ளருந்து அளக்கணுமாம், பாலத்துக்கு. கொஞ்சம் ஒதுங்கிக்கிறியா? நான் போயிட்டா ரெண்டு நிமிசத்துல முடிச்சுருவேன்."

கீழே அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒதுங்குவேன் என்று நினைத்திருப்பார்கள்.

"இருங்கண்ணே, நான் மொதல்ல போயிர்றேன்" என்றேன்.

கொத்தனார் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். நான் மீதிப் படிகளை என் வேகத்தில் ஏறினேன்.